சூடு பண்ணாமல் சாப்பிடும் ஸ்கூல் டப்பா: தில்லிக் குளிருக்கும் வெயிலுக்கும் என்ன கட்டுவது?

மயூர் விஹார் அம்மா:

பெரியவன் 5-ஆம் வகுப்பு, சின்னவள் யு.கே.ஜி. பஸ் 6:50-க்கு வந்துவிடும், அதனால் 6:30-க்குள் டப்பாவை மூடியாக வேண்டும். சாப்பாட்டு இடைவேளை 10:45. பள்ளியில் சூடு பண்ணித் தரும் வசதி இல்லை. அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் குழந்தை வாயில் வைப்பதற்கும் நடுவில் நாலேகால் மணி நேரம்.

டிசம்பர், ஜனவரியில் எலுமிச்சை சாதம் விறைத்துப் போகிறது, நெய் சாதத்தின் மேல் வெள்ளை வெள்ளையாக உறைந்து நிற்கிறது. ரவா உப்புமா கேக் மாதிரி ஒரே கட்டியாக வெளியே வருகிறது. ஏப்ரல் வந்தால் தலைகீழ்: தயிர் சாதம் புளித்துவிடுகிறது, தேங்காய் போட்ட பொரியல் ஊசிப்போகிறது. ஜூலையில் பள்ளி திறந்த பிறகும் அதே கதைதான். பாதி டப்பா திரும்பி வருகிறது.

கேள்வி இதுதான். ஆறிய பிறகும் நன்றாக இருக்கக்கூடிய நம் ஊர்ச் சாப்பாடு எது எது? அளவோடு சொன்னால் நல்லது. தெர்மாஸ் மாதிரி வரும் ஸ்டீல் ஃபுட் ஜார் வாங்கலாமா? சாதாரண ஹாட் கேஸ் போதுமா? இட்லி, சப்பாத்தி இரண்டையும் மெத்தென்று வைத்திருக்க என்ன செய்வது?

ஆர்.கே. புரம் மாமி:

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்கோ. சூடா சாப்பிடற ஐட்டத்தைப் பண்ணிட்டு அது ஆறாம இருக்கணும்னு பாடுபடறதை விட, ஆறித்தான் சாப்பிடணும்னே உண்டான ஐட்டத்தைப் பண்றது சுலபம். கட்டுச்சாதம் அதுக்குத்தானே வந்தது? ஜி.டி. எக்ஸ்பிரஸ்லயும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்லயும் ஒரு நாளைக்கு மேல உட்கார்ந்து ஊருக்குப் போறவாளுக்கு என்ன கட்டிக் குடுப்போம்? புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவின இட்லி, முதல் வேளைக்குத் தயிர் சாதம். சாம்பார் சாதம் கட்ட மாட்டோம், பொங்கல் கட்ட மாட்டோம். அந்தப் பிரிவினை அப்படியே ஸ்கூல் டப்பாவுக்கும் பொருந்தும்.

சாதம் ஏன் விறைக்கறதுன்னா, வெந்தப்போ இளகின மாவுச்சத்து ஆறறப்போ திரும்ப இறுகறது. குளிர் ஏற ஏற இந்த இறுக்கம் வேகமா வரும். ஃப்ரிட்ஜ்ல வச்ச சாதம் கல்லு மாதிரி ஆறதும் இதனாலதான். ஜனவரி காலைல பஸ்ஸும் கிளாஸ் ரூமும் கிட்டத்தட்ட ஃப்ரிட்ஜ்தான். அதனால டப்பாவுக்கு வைக்கற சாதத்துக்குத் தண்ணி கூட விடணும். சோனா மசூரி 1 கப்புக்கு வீட்டுல சாப்பிட இரண்டரை கப் விடறேள்னா, டப்பாவுக்கு இரண்டே முக்கால், ஜனவரில மூணு. வடிச்ச உடனே கொஞ்சம் குழைவா இருக்கேன்னு தோணும். 10:45-க்கு அது சரியா இருக்கும். பாஸ்மதி வேண்டவே வேண்டாம், ஆறினா குச்சி குச்சியா நிக்கும். ராத்திரி வடிச்ச சாதமும் வேண்டாம்.

எண்ணெய் விஷயம் இதைவிட முக்கியம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறைஞ்சிடும். நெய்யும் தில்லிக் குளிர்ல உறையாம நிக்காது. உங்க டப்பால வெள்ளையா நின்னது அதுதான், குழந்தைக்கு அது மெழுகு மாதிரி அண்ணத்துல ஒட்டும். நல்லெண்ணெய் நம்ம வீட்டுக் குளிருக்கெல்லாம் உறையவே உறையாது. அதனால நவம்பர் நடுவிலேருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் டப்பாவுக்குப் போற எதுக்கும் நல்லெண்ணெய் இல்லேன்னா கடலை எண்ணெய். ஒரு கப் வடிச்ச சாதத்துக்கு 2 டீஸ்பூன். அந்த எண்ணெய் பருக்கையைச் சுத்திப் பூசி நிக்கறதாலதான் சாதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகாம இருக்கு, ஈரமும் போகாம இருக்கு.

புளிக்காய்ச்சல் ஞாயித்துக்கிழமை பண்ணி வச்சுடுங்கோ. 100 கிராம் புளியை ஒண்ணரை கப் வெந்நீர்ல ஊற வச்சுக் கெட்டியாக் கரைச்சுக்கோங்கோ. ஏழு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில கடுகு, கடலைப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன், மிளகாய் வத்தல் எட்டு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு, மஞ்சப்பொடி, உப்பு போட்டுக் கரைசலை விட்டுச் சின்னத் தணல்ல 25, 30 நிமிஷம் கொதிக்கணும். எண்ணெய் மேல பிரிஞ்சு நின்னு, கரண்டியால வழிச்சா அடி தெரியணும். அதுக்கு முன்னாடி இறக்கினா பச்சைப் புளி வாசனை போகாது, சீக்கிரம் பூசணமும் பூக்கும். கடைசில வறுத்துப் பொடிச்ச வெந்தயம் அரை டீஸ்பூன், தனியா 1 டேபிள்ஸ்பூன். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டிச் சிவந்துட்டா மொத்தமும் கசக்கும், அதைச் சரி பண்ண வழியே கிடையாது. கண்ணாடி பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு வாரம் தாராளம். ஈர ஸ்பூன் போடாதேங்கோ.

காலைல சாதத்தைத் தாம்பாளத்துல கொட்டிப் பரத்தி, நல்லெண்ணெய் விட்டு, ஆவி அடங்கினப்புறம் கலக்கணும். சுடச்சுடக் கிளறினா பருக்கை உடைஞ்சு கூழாகிடும். ஒரு கப் சாதத்துக்குக் குழந்தைன்னா ஒண்ணரை டீஸ்பூன் புளிக்காய்ச்சல் போறும். புளியோதரை 6:30-க்கு சாப்பிட்டா சுமார்தான். சாதத்துல புளி ஊறி 10:45-க்குத்தான் அது புளியோதரையாகும். இந்த டப்பாவுக்கு இதைவிடத் தோதானது வேற எதுவும் இல்லை.

எலுமிச்சை சாதம் விறைச்சதுக்கும் தண்ணி குறைச்சதுதான் காரணம். சாறு அடுப்பை அணைச்சப்புறம்தான் விடணும், கொதிச்சா கசப்பு தட்டும். ஒண்ணரைக் கப் சாதத்துக்கு 1 டேபிள்ஸ்பூன் சாறு. வேர்க்கடலை போடறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல விசாரிச்சுக்கோங்கோ, அலர்ஜி உள்ள குழந்தைகளுக்காகச் சில இடத்துல கடலை கொண்டுவரக் கூடாதுன்னு விதி இருக்கு.

துவாரகாவிலிருந்து:

ஃபுட் ஜார் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறு செய்தால் சாதம் விறைப்பதைவிடப் பெரிய சிக்கல் வரும்.

உணவில் கிருமி வேகமாகப் பெருகும் வெப்பநிலை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. 60-க்கு மேலே இருந்தால் சூடு காக்கும், 5-க்குக் கீழே குளிர் காக்கும். நடுவில் வெதுவெதுப்பாக, 35 – 45 டிகிரியில் நாலு மணி நேரம் நிற்பதுதான் மிக மோசமான நிலை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சாதம் வேகும்போது அவை சாவதில்லை. வெதுவெதுப்பான ஈரச் சாதத்தில் முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. ராத்திரி வடித்த சாதம் வேண்டாம் என்று மாமி சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஜாருக்கு வருவோம். இரண்டு சுவருக்கு நடுவில் காற்றே இல்லாத வேக்குவம் ஜார்தான் நாலு மணி நேரம் தாங்கும். வெளியே பிளாஸ்டிக்கும் உள்ளே ஸ்டீலும் நடுவில் ஃபோமும் உள்ள ஹாட் கேஸ், வீட்டில் பத்துப் பேருக்குச் சப்பாத்தி வைக்க நல்லது. ஒரு குழந்தை சாப்பிடும் முக்கால் கப் சாதத்தை அதில் வைத்தால் சூடு சீக்கிரம் இறங்கி, நான் மேலே சொன்ன மோசமான இடத்தில் போய் நின்றுவிடும். அதற்குச் சாதாரண டப்பாவில் நன்றாக ஆற வைத்துக் கட்டுவதே மேல்.

வேக்குவம் ஜார் வாங்கினால் 300 – 350 மில்லி போதும். 500 மில்லி வாங்கிப் பாதி நிரப்பினால் வேலை செய்யாது, உள்ளே இருக்கும் காலி இடம் சூட்டைத் தின்றுவிடும். ஜாரில் தளதளவென்று கொதிக்கும் நீரை விளிம்பு வரை ஊற்றி மூடி, 10 நிமிடம் கழித்துக் கொட்டி, உடனே உணவைப் போட வேண்டும். உணவும் கொதிநிலையில் இருந்தே நேராக ஜாருக்குப் போக வேண்டும், தட்டில் மாற்றி ருசி பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. மேலே ஒரு விரல் அளவு மட்டும் இடம் விட்டு மூடுங்கள்.

இதற்கு ஏற்றவை குழைந்த, ஈரமான உணவுகள்: சாம்பார் சாதம், பிசிபேளா, பொங்கல், ராஜ்மா சாதம். இவை ஜாருக்குள்ளும் கெட்டிப்பட்டுக்கொண்டே இருக்கும். போடும்போது கரண்டியிலிருந்து வழிந்து விழும் பதத்தில் இருந்தால்தான் சாப்பிடும்போது சாதப் பதத்தில் இருக்கும். சப்பாத்தி, பொரியல், இட்லி ஜாருக்குள் வேர்த்து ஊறிப்போகும்.

வாங்கியதும் ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். 6:30-க்குச் சாம்பார் சாதத்தைப் போட்டு மூடி, 10:45-க்குத் திறந்து சமையல் தெர்மாமீட்டரை நடுவில் குத்துங்கள். 60-க்கு மேல் காட்டினால் அந்த ஜாரை நம்பலாம். 50 காட்டினால் அதில் குளிர்ந்த உணவை மட்டும் வையுங்கள்.

ஆமாம், அதே ஜார் கோடையில் குளிர்ச்சி காக்கவும் உதவும். ஐஸ் தண்ணீரை ஊற்றி 10 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிர் சாதத்தைப் போட்டால் ஏப்ரல் மாதத்தில்கூடச் சில்லென்று இருக்கும்.

மயூர் விஹார் அம்மா:

மாமி, சார், ரொம்ப நன்றி. அரிசி அளவும் எண்ணெயும் நாளைக்கே மாற்றிவிடுகிறேன். ஹாட் கேஸில்தான் இதுவரை பாதி நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், உடனே நிறுத்துகிறேன்.

இன்னும் இரண்டு. வாரத்தில் மூன்று நாளாவது சாதம் இல்லாத டப்பா வேண்டும் என்கிறான் பெரியவன். இட்லி, சப்பாத்தி, பனீர் எதை வைத்தாலும் ரப்பர் ஆகிறது. அப்புறம், சின்னவள் சில நாள் டப்பாவையே திறக்காமல் கொண்டுவருகிறாள். கேட்டால் "மூடி வரலை" என்கிறாள். வீட்டில் சுலபமாகத் திறக்கும் டப்பாதான் அது.

கரோல் பாக் சமையல்:

டிபன் பக்கம் நான் எழுதுகிறேன். கேட்டரிங்கில் காலை 6 மணிக்கு பேக் பண்ணி 11 மணிக்குப் பரிமாறும் ஆர்டர்கள் உண்டு, கணக்கு ஒன்றுதான்.

உப்புமாவை விட்டுவிடுங்கள். ரவை ஆறினால் கட்டியாகத்தான் செய்யும், எவ்வளவு எண்ணெய் விட்டாலும் சரி. அதற்குப் பதில் உப்புமாக் கொழுக்கட்டை பண்ணுங்கள். அதுவே பிடித்து வைத்த கட்டிதானே, ஆறினால் கெட எதுவும் இல்லை. அரிசி 1 கப், துவரம்பருப்பு ஒன்றரை டேபிள்ஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன் சேர்த்து ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து இரண்டரை கப் தண்ணீர் விட்டு, கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, தண்ணீர் வற்றியதும் மூடி வையுங்கள். இதுவரை முதல் நாள் இரவே செய்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். காலையில் கையை நனைத்துக்கொண்டு எலுமிச்சம்பழ அளவு பிடித்து 12 நிமிடம் ஆவியில் வைத்தால் சூடு உள்ளே வரை ஏறிவிடும். அழுத்திப் பிடிக்காதீர்கள், நாலு விரல் தடம் பதிந்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் ஆறியதும் கெட்டியாகிவிடும்.

அடுத்தது குழிப்பணியாரம். இட்லி மாவு மீந்தால் வெங்காயம், கேரட் துருவல், பச்சை மிளகாய் வதக்கிப் போட்டுச் சுடுங்கள். சுற்றிலும் எண்ணெய்த் தோல் இருப்பதால் உள் ஈரம் போகாது. குழிக்கு அரை டீஸ்பூன் நல்லெண்ணெய். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும், அந்த வேகாத நடுப்பகுதிதான் மதியத்துக்குள் புளித்த வாடை அடிக்கும்.

இட்லிக்கு வருவோம். ரப்பர் ஆவதற்கு இரண்டு காரணம். ஒன்று, மாவு சரியாகப் பொங்கவில்லை. தில்லி ஜனவரியில் எட்டு மணி நேரத்தில் பொங்காது, 16 முதல் 18 மணி நேரம் ஆகும். ஓவனுக்குள் பல்பை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். பல்பு இல்லாத ஓவன் என்றால், பெரிய பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் விட்டு அதில் மாவுப் பாத்திரத்தை இறக்கி ரஜாயால் (பஞ்சுப் போர்வை) சுற்றுங்கள். அரைக்கும்போது குளிர்காலத்துக்கு இட்லி அரிசி 3 கப்புக்கு உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன், கெட்டி அவல் கால் கப். அவல் ஆறிய இட்லிக்கு மென்மை கொடுக்கும். இட்லி அரிசி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம், அதிகம் வேகவிடுவது. பெரிய இட்லிக்கு 10 நிமிடம், மினி இட்லிக்கு 7 நிமிடம். அதைத் தாண்டினால் மேல்தோல் உலர்ந்துவிடும், ஆறியதும் அந்தத் தோல்தான் ரப்பர். இறக்கி இரண்டு நிமிடம் கழித்து எடுத்து, சூடு இருக்கும்போதே பொடியில் புரட்டுங்கள். 12 மினி இட்லிக்கு ஒன்றரை டீஸ்பூன் பொடி, 2 டீஸ்பூன் நல்லெண்ணெய். ஆறின இட்லியில் எண்ணெய் இறங்காது, பொடி தனியாக உதிர்ந்து டப்பா அடியில் கிடக்கும். குழந்தைகளுக்கான பொடி: உளுத்தம்பருப்பு அரை கப், கடலைப்பருப்பு கால் கப், எள் 2 டேபிள்ஸ்பூன், மிளகாய் நாலு மட்டும். எள்ளைத் தனியாக, வெறும் வாணலியில், படபடவென்று வெடிக்கும் வரை வறுத்துக் கடைசியில் ஒரே சுற்று அரைக்க வேண்டும். சேர்த்து அரைத்தால் எண்ணெய் கக்கிப் பொடி கட்டியாகிவிடும். சட்னி வைக்க வேண்டாம், பச்சைத் தேங்காய் முதலில் கெடும்.

தோசை, அடை இரண்டும் ஆறினால் தோல் மாதிரி ஆகும். அடை கட்டியே ஆக வேண்டுமென்றால் கடலைப்பருப்பைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டி, சுரைக்காய் துருவிப் போட்டுச் சிறியதாக வார்க்கலாம். ஊத்தப்பம் தேவலை.

சப்பாத்திக்கு இரண்டு கப் மாவுக்கு 2 டீஸ்பூன் எண்ணெய், 3 டேபிள்ஸ்பூன் தயிர், மீதிக்கு வெதுவெதுப்பான பால் அல்லது தண்ணீர். காது மடல் போல மெத்தென்று இருக்கணும் மாவு. அரை மணி ஊற வேண்டும். அவசரத்தில் ஊறாமல் இட்டால் அன்றைக்கு ரப்பர்தான். கல் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். குறைந்த தீயில் நேரம் எடுத்துச் சுட்டால் ஈரம் முழுக்கப் போய் அப்பளம் ஆகிவிடும். சுட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மெல்லிய பருத்தித் துணியில் சுற்றுங்கள், ஆவியைத் துணி குடித்துக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அச்சு மை உணவில் ஒட்டும். அலுமினியத் தாளைச் சப்பாத்திக்கு வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை, புளி, தக்காளி பட்ட எதையும் அதில் கட்டக் கூடாது. குளிர்காலத்தில் மேத்தி (வெந்தயக் கீரை) மலிவாகக் கிடைக்கும்போது அதே மாவில் ஒரு கப் கீரையை நறுக்கிப் போட்டுக் குஜராத்திச் சப்பாத்தியான தேப்லா மாதிரி இட்டால், தொட்டுக்கொள்ளவே எதுவும் வேண்டாம்.

பனீர் ஆறினால் இறுகும். துண்டாகப் போடாமல் உதிர்த்து, 10 நிமிடம் வெந்நீரில் ஊற வைத்துப் பிழிந்து, வெங்காயம், குடைமிளகாய் வதங்கிய பிறகு கடைசி இரண்டு நிமிடம் மட்டும் புரட்டி எடுங்கள். சப்பாத்திக்குள் சுருட்டுவதற்கு முன் அது ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு சுருட்டினால் சப்பாத்தி நமுத்துப் பிய்ந்துவிடும். ஏப்ரலுக்குப் பிறகு பனீர் வேண்டாம்.

தொட்டுக்கொள்ளப் பருப்பு உசிலி நன்றாக நிற்கும், தேங்காய் கிடையாது, தண்ணீர் கிடையாது. உருளைக்கிழங்கு குளிரில் சரி, கோடையில் சீக்கிரம் ஊசிப்போகும்.

ஆர்.கே. புரம் மாமி:

தயிர் சாதத்தை ஜார்ல ஐஸ் மாதிரி வைக்கலாம்னு துவாரகா சார் எழுதியிருக்கார். பண்ணலாம், தப்பில்லை. ஆனா ஜார் இல்லாமலும் புளிக்காம கட்ட முடியும். புளிக்கறதுக்குக் காரணம் தயிரை நிறைய விடறதுதான். சாதத்தைச் சூட்டோட மசிச்சு, முக்கால் கப் சாதத்துக்கு அரை கப் காய்ச்சின பால் விட்டு, தாம்பாளத்துல பரத்தி ஃபேன் கீழ நன்னா ஆற விடுங்கோ. கை விரலை வச்சா சூடே தெரியக் கூடாது. அப்புறம் 2 டீஸ்பூன் புளிக்காத தயிர், உப்பு. அந்தப் பால் உள்ள தோய்ஞ்சுண்டே போய், சாப்பிடற வேளைக்குப் பக்குவமான தயிர் சாதமா இருக்கும். சூடான சாதத்துல தயிர் விட்டா திரிஞ்சு தண்ணி விட்டுக்கும், ஒரு மணி நேரத்துல புளிச்சும் போகும். வெள்ளரிக்காயை உள்ள கலக்காதேங்கோ, உப்பு பட்டதும் தண்ணி விடும். மாதுளை முத்து போடலாம்.

ஆனா 38, 40 டிகிரி வந்துட்டா சார் சொல்றதுதான் சரி. டப்பாவுக்கு மேல ஒரு ஜெல் ஐஸ் பேக் வைங்கோ. அடியில வைக்கக் கூடாது, குளிர்ச்சி கீழ நோக்கித்தான் இறங்கும். டிசம்பர், ஜனவரில தயிர் சாதமே வேண்டாம்.

துவாரகாவிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஜூலை, ஆகஸ்டில் மழை வந்து வெயில் குறைந்ததே என்று பழைய மாதிரி கட்டத் தொடங்கிவிடாதீர்கள். கிருமி பெருக 33 டிகிரியே தாராளம், அதோடு புழுக்கத்தில் டப்பாவுக்குள் ஈரம் காய்வதும் இல்லை. செப்டம்பர் கடைசி வரை கோடைக்கால டப்பாதான்.

ஜனக்புரி, நர்சரி டீச்சர்:

சின்னவளின் மூடிக்கு வருகிறேன், இதை யாரும் கவனிப்பதில்லை. ரப்பர் வளையம் போட்ட ஸ்டீல் டப்பாவில் சூடான சாதத்தை வைத்து மூடினால், உள்ளே இருக்கும் சூடான காற்றும் ஆவியும் ஆறும்போது சுருங்கும். மூடியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் காலி டப்பாவைத் திறந்து பார்க்கும்போது சுலபமாக வரும், 10:45-க்கு ஐந்து வயது விரலுக்கு வராது. குளிர்காலத்தில் இன்னும் மோசம். மூடியின் நடுவில் சின்ன சிலிகோன் குமிழ் உள்ள டப்பா வாங்குங்கள், அதைத் தூக்கினால் காற்று உள்ளே போய் மூடி விட்டுக்கொடுக்கும். குமிழைத் தூக்கக் குழந்தைக்கு வீட்டில் பழக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சாதத்தைத் தட்டில் 10 நிமிடம் ஆற வைத்து, ஆவி நின்ற பிறகு மூடுங்கள். மூடிக்கு உட்புறம் நீர்த்துளி கோத்துச் சாதத்தின் மேல் சொட்டுவதும் இதோடு நின்றுவிடும்.

அந்த வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றித் தேய்த்துக் காயவைத்துப் போடுங்கள். அடியில் கறுப்பாகப் படிவது பூசணம். நல்ல சாப்பாடே நாறுவதற்குப் பல தடவை அதுதான் காரணம்.

அடுத்து, நேரம். இடைவேளை 20 நிமிடம் என்று சொன்னாலும் கை கழுவி, வரிசையில் வந்து உட்கார்ந்து, திறந்து, மறுபடி மூடி வைக்க எட்டு நிமிடம் போய்விடும். சாப்பிடக் கிடைப்பது 12 நிமிடம். யு.கே.ஜி. குழந்தைக்கு முக்கால் கப் சாதம் அல்லது 8 மினி இட்லி, அதோடு நாலு துண்டு பழம், இதற்கு மேல் அந்த நேரத்தில் இறங்காது. டப்பா பாதி திரும்பி வருவதற்கு ருசியைவிட அளவு காரணமாக இருப்பதே அதிகம். சப்பாத்தியை முழுதாக வைக்காமல் சுருட்டி, இரண்டு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி வையுங்கள். பிய்த்துத் தொட்டுச் சாப்பிட அந்த வயதில் நேரம் பிடிக்கும். பெரியவனுக்கு இந்தக் கவலை இல்லை, அளவு இரட்டிப்பாக இருக்கலாம்.

திராட்சை கொடுத்தால் சின்னவளுக்கு நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள். முழுசாகப் போட்டால் தொண்டையில் அடைக்கும் அளவு அது. ஆப்பிளை வெட்டி, ஒரு கப் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு கரைத்து ஐந்து நிமிடம் போட்டு அலசி எடுத்தால் கறுக்காது. பழத்தைச் சாதத்தோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், இரண்டுமே கெடும்.

புது டப்பா வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை 10:45-க்குச் சின்னவளைத் தரையில் உட்கார வைத்து, சாப்பாடு போட்ட டப்பாவை அவளே பையிலிருந்து எடுத்துத் திறந்து சாப்பிட்டு மூடி வைக்கட்டும். நீங்கள் கை வைக்காதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறாள் என்று பாருங்கள், கிளிப்பா, குமிழா, ஸ்பூனா. அதைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.